மிச்சிரு துடைத்த பதினெட்டுக் குழாய்கள்

மிச்சிரு துடைக்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.

டிசம்பர் கடைசி வாரத்தில் அவர்கள் ஊரில் எல்லா வீடுகளிலும் பெரிய சுத்தம் நடக்கும். புது வருடம் பிறக்கும்போது பழைய வருடத்துத் தூசி ஒரு பொட்டுகூட வீட்டில் இருக்கக் கூடாது. ஜன்னல், தள்ளுகதவு ஓடும் காடிப் பள்ளம், விளக்கின் தலை, செருப்பின் அடிப்பாகம், எதுவும் தப்பாது. ஐந்தாம் வகுப்பில் துடைக்கும் வேலையில் மிச்சிருவை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை அவள் வகுப்பின் மீன்தொட்டியைத் துடைத்துவிட்டு, மீனையும் துடைக்கப் போனாள் என்று கோஹெய் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

அது பொய். தொட்டியில் ஒட்டியிருந்த நத்தையைத்தான் துடைத்தாள்.

இந்த வருடம் வீட்டைச் சுத்தம் செய்ய அவள் ஒருத்திதான் இருந்தாள். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா வீட்டில்தான் இருந்தார். ஆனால் அவருக்கு வேறு வேலை இருந்தது.

அப்பா வேலை பார்த்த ஓடு தொழிற்சாலை அக்டோபரில் மூடப்பட்டது. அதன் பிறகு கிடைத்தது ஒரே ஒரு வேலை. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள அரிசி பிஸ்கட் தொழிற்சாலையில், காலை ஐந்தரை மணிக்கு ஆரம்பிக்கும் வேலை. அந்த நேரத்தில் பஸ் கிடையாது. கணவாய்ப் பாதையில் காரில்தான் போக வேண்டும்.

கார் இருந்தது. நீல நிறம், இரண்டே இருக்கை, மிச்சிருவைவிடப் பதினைந்து வயது மூத்தது. சமதரையில் நன்றாக ஓடும். மேடு ஏறும்போதுதான் அதற்கு மூச்சு வாங்கும். கணவாயின் மூன்றாவது வளைவில், போன வாரம், நின்றே விட்டது. பின்னால் வந்த பனி அள்ளும் வண்டிக்காரர் இறங்கி வந்து, "வண்டியா இது, பொம்மையா?" என்று கேட்டுவிட்டு, தள்ளி விட்டுப் போனார்.

"இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் வாங்க இகராஷி," என்று பிஸ்கட் தொழிற்சாலையின் மேலாளர் ஹயசகா அப்பாவிடம் போனில் சொல்லியிருந்தார். "உங்க கார்லயே வாங்க. தினமும் வர முடியும்னு தெரிஞ்சா வேலை உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆள் இருக்காங்க."

அது கிடைக்காவிட்டால் தொலைவில் உள்ள நகோயா நகரம்தான். அங்கே ஒரு பெரிய தொழிற்சாலை, ஆண்கள் மட்டும் தங்கும் விடுதி. அப்பா அங்கே போவார். மிச்சிரு செந்தாய் நகரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போவாள். அத்தை நல்லவள்தான். அத்தையிடம் பூனைகூட இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பு வந்தாலே மிச்சிரு துணியை எடுத்துக்கொண்டு எதையாவது துடைக்கப் போய்விடுவாள்.

அப்பா காரின் பானெட்டைத் திறந்து, அடியிலிருந்து ஒரு தகரப் பலகையைக் கழற்றி எடுத்தார். வெளியே கொட்டகையில் விரல் விறைத்துப் போகும் குளிர். அதனால் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து செய்தித்தாள் மேல் வைத்தார்.

"என்னப்பா இது?"

"சோலனாய்டு வால்வு. ஒன்பது இருக்கு. இன்ஜினுக்கு எந்த நேரத்துல எந்த வழியாக் காத்து போகணும்னு இதுதான் சொல்லும். கரண்ட் வந்தா திறக்கும். நின்னா மூடிக்கும்."

ஒவ்வொரு வால்வும் தீப்பெட்டி அளவுதான். பலகையில் இரண்டு வரிசையாகத் திருகியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூக்கு. ஒவ்வொரு மூக்கிலும் ஒரு கறுப்பு ரப்பர் குழாய். அந்தக் குழாய் வளைந்து நெளிந்து போய், பலகையின் ஓரத்தில் உள்ள ஒரு இரும்புக் குழலில் மாட்டிக்கொள்ளும். ஆக மொத்தம் பதினெட்டுக் குழாய்கள். எல்லாம் கரியும் எண்ணெயும் அப்பி, ஏதோ பிராணியின் குடல் மாதிரி இருந்தன.

அப்பா உள்ளே கொண்டுவந்திருந்த கார் பேட்டரியிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்து ஒவ்வொரு வால்விலும் தொட்டுப் பார்த்தார். டிக். டிக். டிக். ஒன்பதும் டிக் என்றன.

"வால்வு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அழுக்குதான் காரணம்," என்றார். குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அதனதன் மூக்குக்கு எதிரிலேயே வைத்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, சுத்தம் செய்யும் ஸ்பிரே வாங்கக் கிளம்பினார். கடை நடந்து போய்வர ஒன்றரை மணி நேரம். வெளியே மழையும் பனியும் சேர்ந்து கொட்டின.

மிச்சிரு கதவுக் காடிகளைத் துடைத்து முடித்தாள். அலமாரியைத் துடைத்தாள். பிறகு அந்தப் பலகையைப் பார்த்தாள்.

அப்பா நனைந்துகொண்டு திரும்பி வருவார். வந்ததும் இதை வேறு உட்கார்ந்து தேய்ப்பார்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

அப்பா திரும்பி வந்தபோது அவர் தோளில் பனி அப்பியிருந்தது. மிச்சிரு வாசலிலேயே நின்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கப்பா."

"காலெல்லாம் ஈரம் மிச்சி. கண்ணை மூடினா விழுந்துடுவேன்."

"சரி, திறந்துக்கிட்டே வாங்க."

பலகை பளபளத்தது. ஒன்பது வால்வுகளும் புதிது போல் மின்னின. பதினெட்டுக் குழாய்களும் ஒரு வெள்ளைத் துண்டின் மேல், பெரியதிலிருந்து சின்னது வரை, உயர வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

அப்பா பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஸ்பிரே டப்பா இன்னும் கையிலேயே இருந்தது.

"சுத்தமா இருக்கு," என்றார்.

"அடுப்பு தேய்க்கிற மருந்து போட்டேன்ப்பா. சும்மா விட்டுடுமா?"

"இங்க... கலர் புள்ளி இருந்துச்சே மிச்சி. மூக்கு மேலயும், குழாய் முனையிலயும்."

"ஆமாம்! பெயின்ட் தெறிச்சிருந்துச்சு. வெள்ளை, சிவப்பு எல்லாம் சுலபமாப் போயிடுச்சு. மஞ்சள்தான் பிடிவாதம். பல் தேய்க்கிற பிரஷ்ஷை வெச்சுத் தேய்ச்சேன் பாருங்க, அப்புறம்தான்..."

அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மிச்சிருவின் குரல் தானாக நின்றது.

"அது தெறிச்ச பெயின்ட் இல்ல," என்றார் அப்பா மெதுவாக. "எந்தக் குழாய் எந்த மூக்குக்குன்னு காட்டுற அடையாளம்."

ஜன்னலில் பனிமழை சடசடத்தது.

"நீங்க... போட்டோ எடுத்திருப்பீங்கல்ல?"

"எடுக்கல."

"ஏம்ப்பா?"

"புள்ளிதான் இருக்கேன்னு எடுக்கல."

அப்பா போனை எடுத்து இணையத்தில் தேடினார். அதே மாதிரி காரின் படம் கிடைத்தது. ஆனால் அதில் குழாய்கள் வேறு மாதிரி போயின. இந்தக் காரை முன்னால் வைத்திருந்தவர் தன் விருப்பத்துக்கு எல்லாவற்றையும் மாற்றி அமைத்திருந்தார். அவர் யார், எங்கே இருக்கிறார் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

"சும்மா ஏதோ ஒண்ணை மாட்டிப் பார்க்கலாமாப்பா?"

"தப்பா மாட்டினா இன்ஜினே போயிடும்."

அவ்வளவுதான். அப்பா திட்டவில்லை. ஸ்பிரே டப்பாவை அலமாரியில் வைத்தார். ஈரக் கோட்டைக் கழற்றி மாட்டினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முள்ளங்கியை நறுக்கினார். திட்டியிருந்தால் மிச்சிரு அழுதிருப்பாள். அழுது முடித்திருப்பாள். இப்போது அதுவும் முடியவில்லை.

சாப்பிட்ட பிறகு, காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா போனில் பேசுவது கேட்டது.

"ஆமாங்க, இகராஷிதான் பேசறேன். விடுதில இடம் இருக்குன்னு சொன்னீங்களே... நாலாம் தேதி பஸ்ஸா? சரிங்க. பேரை எழுதிக்கோங்க." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் மாத்திக்கலாமா? இல்லீங்க, மாத்த வேண்டியிருக்காது."

மிச்சிரு போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அடுப்பு தேய்க்கும் மருந்தின் வாடை இன்னும் அவள் விரல்களில் இருந்தது.

மறுநாள் காலையில் அப்பா நகர அலுவலகத்துக்குப் போனார். ஊரை விட்டுப் போவதாக எழுதிக் கொடுக்கும் தாளை வாங்கத்தான் போனார். அவர் சொல்லவில்லை. ஆனாலும் மிச்சிருவுக்குத் தெரிந்தது.

அவள் துண்டின் முன்னால் உட்கார்ந்து பதினெட்டுக் குழாய்களையும் பார்த்தாள். எல்லாம் ஒரே கறுப்பு. நீளத்தைத் தவிர எல்லாம் ஒரே மாதிரி.

"ஏய் துடைப்பம்! இருக்கியா?"

கோஹெய்தான். பக்கத்துத் தெருவில் அவன் அம்மா டோஃபு கடை வைத்திருக்கிறார். வருடக் கடைசியில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் ஒரு பொட்டலம் பொரித்த டோஃபு கொடுத்தனுப்புவது வழக்கம். கோஹெய் ஒரு செருப்பை ஒரு பக்கமாகவும் இன்னொன்றை மறு பக்கமாகவும் உதறிவிட்டு உள்ளே வந்தான்.

"என்ன இது? மண்புழுக் கண்காட்சியா?"

மிச்சிரு சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். புள்ளிகள், போன், நாலாம் தேதி பஸ். செந்தாய் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது.

கோஹெய் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தான். மூக்கைச் சொறிந்தான்.

"செந்தாய்ல டோஃபு நல்லா இருக்காது," என்றான் கடைசியில்.

அவனை நிமிர்ந்து பார்த்த மிச்சிரு அப்படியே அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். கோஹெய்யின் இடது கன்னம் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள். பாயின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. நடுவில் நீளமாக ஒரு பள்ளம்.

"நீ இப்பத்தானே தூங்கி எழுந்தே?"

"இல்லையே! காலைலேருந்து கடையில வேலை பார்த்தேன்."

"பொய். சூடு போட்ட கொதாட்சு மேசைக்கு அடியில காலை நீட்டிக்கிட்டு, தரையில கன்னத்தை வெச்சுத் தூங்கியிருக்கே. பாய்க் கோடு இருக்கு. அந்தப் பள்ளம் ஹீட்டரோட ஒயர். அது மேலயே படுத்திருக்கே."

கோஹெய் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். "நீ என்ன போலீஸா? அரை மணி நேரம்தான் தூங்கினேன். அம்மாகிட்ட சொல்லிடாதே."

மிச்சிரு அதைக் கேட்கவே இல்லை. அரை மணி நேரம். அரை மணி நேரத்தில் கன்னத்தில் இவ்வளவு கோடு.

இந்தக் குழாய்கள் எத்தனையோ வருடமாக ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தன.

அவள் ஒரு குழாயை எடுத்து இரண்டு கையாலும் நேராக இழுத்தாள். விட்டாள். அது மெல்ல மெல்லப் பழையபடி வளைந்துகொண்டது. இன்னொன்றை எடுத்தாள். அது வேறு மாதிரி வளைந்தது. இடப்பக்கம் ஒரு வளைவு, பிறகு மேலே ஒரு தூக்கல். மூன்றாவது ஒரு முனையில் மட்டும் முறுக்கிக்கொண்டது.

ஒரே மாதிரி இல்லை! ஒன்றுகூட ஒரே மாதிரி இல்லை. கறுப்பாக இருந்ததால் அவள்தான் ஒரே மாதிரி என்று நினைத்துவிட்டாள்.

"கோஹெய், இந்தப் பக்கம் உட்காரு. கையைக் கழுவிட்டு உட்காரு."

"இதுவே அழுக்குப் பொருள்தானே?"

"இப்ப அது சுத்தமாயிடுச்சு. நீதான் அழுக்கு."

அவர்கள் ஒரு குழாயை எடுத்து, பலகையின் மேல் ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார்கள். இழுக்காமல், வளைக்காமல், அது தானாகப் படுத்துக்கொள்ளும் இடம் எது என்று தேடினார்கள். முதல் குழாய்க்கு இருபது நிமிடம் ஆயிற்று. சில இடங்களில் அது மூக்குக்கு எட்டவில்லை, எட்டினால் வளைவு எதிர்ப்பக்கம் போயிற்று. திடீரென்று ஓர் இடத்தில் அது பொத்தென்று உட்கார்ந்தது. மிச்சிருவின் கை அதைப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஒண்ணு," என்றாள்.

"இன்னும் பதினேழு," என்றான் கோஹெய். "மதியச் சாப்பாடு உங்க வீட்லயா, எங்க வீட்லயா?"

அப்பா திரும்பி வந்தபோது இருவரும் குப்புறப் படுத்திருந்தார்கள். பலகையில் பதினைந்து குழாய்கள் மாட்டியிருந்தன. அப்பாவின் கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது.

"மிச்சி, அதை விட்டுடு. பரவாயில்ல."

"தப்பா மாட்டலப்பா. பாருங்க." அவள் ஒரு குழாயைக் கழற்றிப் பக்கத்து மூக்கில் மாட்டினாள். அது முறைத்துக்கொண்டு எழுந்து நின்றது. மறுபடி அதன் இடத்தில் மாட்டினாள். படுத்துக்கொண்டது. "இது இங்கதான் தூங்கியிருக்கு."

அப்பா மண்டியிட்டார். ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்த்தார். முதலில் சந்தேகமாகத் தொட்டார். பிறகு வேகமாகத் தொட்டார். பழுப்பு உறை எப்போது கீழே விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"இந்த மூணும்தான் மாமா," என்றான் கோஹெய். "மூணும் ஒரே நீளம், ஒரே வளைவு. கூடப் பிறந்தவங்க போல."

அப்பா அந்த மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்தார். மூவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒன்றின் முதுகில் மெல்லிய பள்ளம் ஒன்று குறுக்கே ஓடியது. இன்னொன்றில் இரண்டு பள்ளம். மூன்றாவதில் எதுவும் இல்லை.

"இது மேல இன்னொரு குழாய் படுத்திருக்கு," என்றாள் மிச்சிரு. "இது மேல ரெண்டு. இது மேல யாரும் படுக்கல. அப்ப இதுதான் எல்லாத்துக்கும் மேல."

"அதனாலதான் அது மட்டும் சந்தோஷமா இருக்கு," என்றான் கோஹெய்.

சாயங்காலத்துக்குள் பதினெட்டும் உட்கார்ந்தன.

இருபத்தேழாம் தேதி காலையில் அப்பா பலகையைக் காருக்குக் கொண்டுபோகத் தூக்கினார். மிச்சிரு வழியை மறித்தாள்.

"அப்பா, ஒரு தடவை ஊதிப் பார்த்துடலாமா? முனையில எங்கயாவது லூசா மாட்டியிருந்தா?"

"எப்படி ஊதுவே? உள்ள பெட்ரோல் வாடை, மருந்து வாடை. வாயை வைக்கக் கூடாது."

மிச்சிரு தன் பள்ளிப் பையிலிருந்து ஊதி வாசிக்கும் குட்டிப் பியானோவை எடுத்தாள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒன்று உண்டு. அதிலிருந்து நீளமான வெள்ளை ஊது குழாயை மட்டும் கழற்றினாள். ஒரு முனையில் வாயை வைத்தாள். மறு முனையை இரும்புக் குழலில் பொருத்தினாள். அந்தக் காற்று வெளியே வர வேண்டிய வழியில் ஒரு ரப்பர் துண்டை மாட்டி, கோப்பைத் தண்ணீரில் முக்கினாள்.

"காத்து வந்தா குமிழி வரும். கரண்ட் இல்லாதப்ப வால்வு மூடியிருக்கணும், குமிழி வரக் கூடாது. சரிதானே?"

"சரிதான்," என்றார் அப்பா. அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மிச்சிரு ஊதினாள். கன்னம் உப்பியது. குமிழி இல்லை. அடுத்தது. குமிழி இல்லை. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. கன்னம் வலித்தது.

ஏழாவதில் தண்ணீர் கொப்புளித்தது. புளுக் புளுக் புளுக்.

மிச்சிரு ஊதுவதை நிறுத்தினாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. மறுபடியும் தப்பு செய்துவிட்டாள். மறுபடியும்.

"நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

அப்பா குனிந்து கோப்பையைப் பார்த்தார். மிச்சிரு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏழாவது வால்வின் குழாய்கள் இரண்டையும் கழற்றினாள். ஆறாவதின் குழாய்களையும் கழற்றினாள். குழாய்கள் முறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஒரு நிமிடம்தான் என்று இடம் மாற்றி மாட்டி ஊதினாள்.

குழாய் காரணமாக இருந்தால் இப்போது ஆறாவதில் குமிழி வர வேண்டும்.

ஆறாவதில் வரவில்லை. ஏழாவதில்தான் வந்தது. புளுக் புளுக்.

"குழாய் இல்லப்பா," என்றாள் மூச்சு வாங்க. "வால்வு!"

"ஆனா டிக்குன்னு சத்தம் வந்துச்சே..." அப்பா பாதியில் நிறுத்திக்கொண்டார். கதவைச் சாத்தும்போது சத்தம் வந்தாலும், இடுக்கில் ஏதாவது சிக்கியிருந்தால் கதவு முழுக்க மூடாதல்லவா?

அவர் ஓடிப்போய் ஸ்பிரே டப்பாவை எடுத்து வந்தார். ஜன்னலைத் திறந்து வைத்து, ஏழாவது வால்வின் மூக்குக்குள் அடித்தார். கம்பியைத் தொட்டார். டிக். மறுபடி அடித்தார். டிக். மிச்சிரு அடியில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் பழுப்புத் தண்ணீர் வந்தது. பிறகு தெளிந்த தண்ணீர். பிறகு, ஒன்றுமே வராது என்று நினைத்த நேரத்தில், எள்ளுப் போல ஒரு கறுப்புத் துணுக்கு துணியில் விழுந்தது. பழைய ரப்பரின் ஒரு பொடி.

காய்ந்த பிறகு, குழாய்களை அதனதன் இடத்தில் மாட்டிவிட்டு மிச்சிரு ஊதினாள். கன்னம் உப்பியது. காது அடைத்தது. தண்ணீர் அசையவில்லை. எட்டாவதிலும் ஒன்பதாவதிலும்கூட அசையவில்லை.

"எள்ளு," என்றார் அப்பா. துணுக்கை விரல் நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தனை நாளா இந்த எள்ளுதானா? புள்ளி இருந்திருந்தா அப்படியே மாட்டியிருப்பேன். இது உள்ளேயே இருந்திருக்கும்."

மிச்சிருவின் கண்கள் விரிந்தன. "அப்ப நான் துடைச்சது நல்லதா?"

அப்பா யோசித்தார்.

"நல்லதுன்னு சொல்ல மாட்டேன்," என்றார். "அடுத்த தடவை நான் போட்டோ எடுக்கறேன். நீ கேட்டுட்டுத் துடை."

இருபத்தெட்டாம் தேதி. வானம் ஈயத் தகடு போல் தாழ்ந்து கிடந்தது. கடல் பக்கம் இடி இடித்தது. கார் ஊரைத் தாண்டி மலையடிவாரத்துக்கு வந்தது. அப்பாவின் கைகள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன. மிச்சிரு இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளே ஏழாவது வால்வாகி மூடி மூடித் திறப்பது போல் இருந்தது.

முன்கண்ணாடியில் அவர்கள் மூச்சு ஆவியாகப் படிந்தது.

"மிச்சி, அதைக் கொஞ்சம் துடை."

அவள் துணியை எடுத்துவிட்டுத் தயங்கினாள். "துடைக்கலாமா?"

"அதைத் துடைக்கலாம்," என்றார் அப்பா. அன்றைக்கு அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. பாதை செங்குத்தாக எழுந்தது. இருபுறமும் பனிச்சுவர். மூன்றாவது வளைவு வந்தது. அப்பா பெடலை மிதித்தார். மிச்சிரு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

இன்ஜின் ஒருமுறை தயங்கியது போல் இருந்தது. பிறகு ஆழமாக மூச்சு இழுத்தது. முதுகு இருக்கையில் அழுந்த, நீலக் கார் சீறிக்கொண்டு மேலே ஏறியது.

கண்ணைத் திறந்தபோது மூன்றாவது வளைவு பின்னால் போயிருந்தது. நான்காவதும் போயிற்று. அப்பா தாடையை இறுக்கி இறுக்கி விட்டார். கணவாயின் உச்சியைத் தாண்டி இறக்கம் வந்த பிறகுதான், "ஏறிடுச்சு," என்றார், பக்கத்தில் யாரோ தூங்குவது போல, மெல்லிய குரலில்.

தொழிற்சாலை வாசலில் ஹயசகா குடையோடு நின்றார். தாழ்வான அந்தக் காரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"இதுலயா வந்தீங்க? கணவாய் வழியாவா?"

"ஆமாங்க."

"நிக்கலையா?"

"நிக்கலைங்க," என்றாள் மிச்சிரு, அப்பாவுக்கு முன்னால்.

ஹயசகா குனிந்து அவளைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பை நிறைய உடைந்த அரிசி பிஸ்கட் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். "உடைஞ்சதை விக்க முடியாது. ருசி அதேதான்." பிறகு அப்பாவிடம், "அஞ்சாம் தேதி. அஞ்சரை மணி. தாமதம் கூடாது," என்றார்.

காருக்குள் வந்து உட்கார்ந்ததும் அப்பா போன் செய்தார். "இகராஷிதான் பேசறேன். நாலாம் தேதி பஸ்ல என் பேரை எடுத்துடுங்க. ஆமாங்க. இங்கேயே வேலை கிடைச்சிருச்சு." போனைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். கண்ணாடியில் பனி விழுந்து விழுந்து கரைந்தது.

"அஞ்சரைன்னா நான் நாலரைக்கே கிளம்பணும் மிச்சி. நீ எழுந்திருக்கும்போது வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க. இருட்டா இருக்கும். காலைச் சாப்பாடு தனியாத்தான்."

மிச்சிரு ஒரு பிஸ்கட் துண்டைக் கடித்தாள். அந்த இருட்டுக் காலையை நினைத்துப் பார்த்தாள். நன்றாக இல்லை.

"சாயங்காலம்?"

"ரெண்டு மணிக்கு வேலை முடிஞ்சிடும். நீ ஸ்கூல்லேருந்து வரும்போது வீட்ல இருப்பேன்."

"தினமுமா?"

"தினமும்."

அவள் பையிலிருந்து பெரிய துண்டாகத் தேடி எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"அப்ப காலைல நானே எழுந்துக்கறேன்," என்றாள். "சாயங்காலம் நீங்க இருங்க."

"இருக்கேன்," என்றார் அப்பா.